இல்லறத்தாருக்கு ஒரு பாடம்: நெருக்கடிக் காலத்துக்கு வீட்டை ஆயத்தப்படுத்தல்



கோயில் மலரிலே அரிசி, பருப்பு, தண்ணீர் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். யாழ்ப்பாணத்தில் 1876, 1877ஆம் ஆண்டுகளில் பஞ்சம் நிலவியபோது ஆறுமுக நாவலர் பெருமான் என்ன செய்தார் என்பதை நினைவுபடுத்திக்கொண்டால் இக்கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சைவத்தையும் தமிழையும் வளர்த்த அதே கைகளால் கஞ்சித்தொட்டித் தருமம் நடத்திப் பசித்தவர்களுக்கு உணவளித்தார். பசித்தவனுக்குச் சோறிடுவது சமயத்துக்குப் புறம்பான வேலையென்று அவர் கருதவில்லை. நாமும் அவ்வாறே கருதுவோமாக.

இப்பாடத்தைக் குடும்பமாக இருந்து வாசிப்பது நன்று. இறுதியில் உள்ள வினாக்களைப் பிள்ளைகளோடு கலந்து பேசுங்கள்.

திருவீழிமிழலையில் கிடைத்த காசு

திருஞானசம்பந்தரும் திருநாவுக்கரசரும் திருவீழிமிழலையில் தங்கியிருந்த காலத்தில் மழை பொய்த்து நாட்டிலே பஞ்சம் உண்டாயிற்று. இறைவன் இருவருக்கும் நாள்தோறும் ஒவ்வொரு பொற்காசு அளித்தருளினார் என்றும், அதைக்கொண்டு இருவர் மடங்களிலும் அடியார்களுக்கு அமுது படைக்கப்பட்டது என்றும் பெரியபுராணம் கூறுகின்றது.

இதில் நாம் கவனிக்கவேண்டிய ஒரு நுணுக்கம் உண்டு. அப்பர் மடத்தில் உரிய வேளைக்குச் சாப்பாடு நடந்தது. சம்பந்தர் மடத்தில் தாமதமாயிற்று. காரணம் கேட்டபோது, அவருக்குக் கிடைத்த காசுக்குக் கடைவீதியில் வாசி, அதாவது வட்டம், கேட்கிறார்கள் என்று பரிசனர் சொன்னார்கள். உழவாரத் தொண்டு செய்த அப்பருக்கு வாசியில்லாத நற்காசு கிடைத்தது என்று பெரியோர் விளக்குவர். பின்னர் சம்பந்தர் பதிகம் பாடி வாசியில்லாத காசு பெற்றார்.

இறைவன் தந்த காசுக்கே கடைவீதியில் வட்டம் கேட்டார்கள் என்றால், மனிதன் அச்சடித்த காசின் பெறுமதியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ? காசு வேறு, சோறு வேறு. காசு சோறாக மாறுவதற்கு இடையிலே சந்தை திறந்திருக்க வேண்டும். பாதை திறந்திருக்க வேண்டும். காசுக்கு மதிப்பு இருக்க வேண்டும். இம்மூன்றில் ஒன்று அறுந்தாலும் கையில் காசு உள்ளவனும் பசித்திருப்பான். கையால் செய்யும் தொண்டுக்கு வாசி இல்லை என்பதையும் இங்கே மனத்தில் வைத்துக்கொள்வோம்.

யாழ்ப்பாணம் எழுதிய பாடப்புத்தகம்

இந்த உண்மையை நூலில் படிக்க வேண்டிய தேவை நம்மில் பலருக்கு இல்லை. 1990 ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபோது யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது; ஏ-9 வீதி மூடப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, சீமெந்து, உரவகை முதலியவை பொருளாதாரத் தடைக்கு உள்ளாகின. மண்ணெண்ணெயும் சவர்க்காரமும் கிடைப்பதற்கரிய பொருள்களாயின. 2002 ஏப்ரலில் அந்த வீதி திறக்கப்படும் வரை ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் இந்நிலை கூடியும் குறைந்தும் நீடித்தது. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டபோது சங்கக்கடை வாசலில் மக்கள் மறுபடியும் வரிசையில் நின்றனர்.

அக்காலத்தில் வீடுகள் எவ்வாறு நடந்தன? ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டு, கம்பியில் மெல்லிய திரியொன்றை நிறுத்தி விளக்காக்கினார்கள். போத்தலே காற்றுக்கு மறைப்பாகியது. அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய பிள்ளைகள் இன்று இலண்டனில் வைத்தியர்களாகவும் கணக்காளர்களாகவும் இருக்கின்றார்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி மிதியைச் சுற்றி, டைனமோ தரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டார்கள். கார்களுக்குச் சிறுதுளி பெற்றோல் காட்டிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். சவர்க்காரம் இல்லாதபோது பனம்பழத்தால் உடுப்புத் தோய்த்தார்கள். இயந்திரம் நின்ற கிணறுகளில் துலாவும் கப்பியும் மீண்டும் வேலை செய்தன.

உணவிலும் அவ்வாறே. பனங்கிழங்கைப் பச்சையாகக் காயவைத்தால் ஒடியல். அவித்துக் காயவைத்தால் புழுக்கொடியல். பனங்களியை வெயிலில் உலர்த்தினால் பினாட்டு. இவற்றோடு மரவள்ளி, குரக்கன், முருங்கையிலை, வேலியோரக் கீரை வகைகள் ஆகியவை பல குடும்பங்களின் பசியை ஆற்றின. இவையெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவை அல்ல. அம்மாவுக்கும் அம்மம்மாவுக்கும் முன்பே தெரிந்திருந்தவை. நெருக்கடி வந்த அன்று கற்றுக்கொள்ளத் தொடங்கியிருந்தால் காலம் போதியிராது.

ஆனால் அக்காலத்தை அழகுபடுத்திப் பேசுவதும் தவறு. மருந்தில்லாமல் வருந்தியவர்களும் இறந்தவர்களும் உண்டு. இன்சுலினைப் பனையிலிருந்து எடுக்க முடியாது. குடாநாட்டு வயல்கள் குடாநாட்டுக்குப் போதிய அரிசியைத் தந்ததும் இல்லை. வன்னியிலிருந்தும் வெளியிலிருந்தும் வரவேண்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பிய பணம் பல அடுப்புகளை எரியவைத்தது. ஆகவே தனி வீடு ஒன்று முற்றாகத் தன்னிறைவு அடையலாம் என்பது கனவு. நாம் செய்யக்கூடியது, பொருள் வராத நாட்களைத் தாங்கும் சக்தியை வீட்டுக்கு உண்டாக்குவதே.

2022: காசின் மதிப்பு இறங்கிய ஆண்டு

போரில்லாத காலத்திலும் இது நிகழலாம் என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. அந்நியச் செலாவணி தீர்ந்து, அவ்வாண்டு ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த மதிப்பு மே மாதத்தில் 360 ரூபா வரை சரிந்தது. செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியது. ஆயுள் முழுதும் சேமித்த ஓய்வூதியர், வங்கிப் புத்தகத்தில் எண் குறையாமலே ஏழையானார். எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூன் மாதத்தில் அரசாங்க ஊழியர்கள் வீட்டில் பயிர் செய்வதற்கென்று வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை கொடுக்கும் நிலை வந்தது.

இதற்கு முந்திய ஆண்டு, 2021இல், இரசாயன உர இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்ததால் விளைச்சல் வீழ்ந்திருந்ததும் நினைவிற்கொள்ளத்தக்கது. இயற்கைப் பசளை நல்லதே. ஆயினும் மண்ணும் உழவனும் பழகுவதற்குக் காலம் வேண்டும். ஒரே இரவில் தன்னிறைவு வராது என்பதற்கு இது நாடளாவிய சாட்சி.

இலண்டன் விலக்கா?

இங்கே இவை நடவா என்று எண்ணுதல் வேண்டாம். நாம் வாழும் இந்நாடே 1940 ஜனவரி முதல் 1954 ஜூலை வரை பங்கீட்டு அட்டையில் வாழ்ந்தது. போர் முடிந்த பின்னரே, 1946இல், பாணுக்கும் பங்கீடு வந்தது. அக்காலத்தில் பூங்காக்களும் முற்றங்களும் மரக்கறித் தோட்டங்களாயின.

நம் காலத்திலும் சிறு எச்சரிக்கைகள் வந்து போயின. 2020 மார்ச்சில் கடைத் தட்டுகளில் அரிசியும் மாவும் காணாமற்போயின. 2022 ஒக்டோபரில் பணவீக்கம் 11.1 சதவீதமாகி நாற்பது ஆண்டுகளில் காணாத அளவைத் தொட்டது. 2023 பெப்ரவரியில் தக்காளியும் வெள்ளரியும் ஆளுக்கு இத்தனை என்று விற்கப்பட்டன. அவ்வாண்டு ஜூலையில் இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடைசெய்தபோது நமது கடைகளிலும் அதன் தாக்கம் தெரிந்தது. 2025 மார்ச் 20ஆம் திகதி இரவு ஹேய்ஸ் பகுதியில் துணை மின்நிலையம் ஒன்றில் தீப்பற்றியதால் ஆயிரக்கணக்கான வீடுகள் இருளில் மூழ்கின. ஹீத்ரோ விமான நிலையம் மறுநாள் பெரும்பகுதியும் மூடப்பட்டிருந்தது. ஏப்ரல் 28ஆம் திகதி ஸ்பெயின், போர்த்துக்கல் நாடுகள் முழுவதும் மின்சாரம் நின்றபோது வங்கி அட்டைகள் பல இடங்களில் பயனற்றுப்போயின.

இவற்றைச் சொல்வது அச்சமூட்டுவதற்கு அன்று. மழைக்கு முன் கூரை வேய்பவனை யாரும் பயந்தவன் என்று சொல்வதில்லை.

வீட்டில் செய்யவேண்டியவை

தண்ணீர்: பிரித்தானிய அரசாங்கம் 2024 மே மாதத்தில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, குடிப்பதற்கு மட்டும் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.5 முதல் 3 லீற்றர் தண்ணீர் வேண்டும். சமையல், சுத்தம் ஆகியவற்றையும் சேர்த்தால் 10 லீற்றர். நால்வர் உள்ள வீட்டில் மூன்று நாட்களுக்குக் குடிதண்ணீர் மட்டும் 36 லீற்றர். போத்தல் தண்ணீராக வாங்கி, கட்டிலின் கீழும் அலுமாரியின் அடியிலும் வைக்கலாம்.

உணவு: ஒருவருக்கு ஒரு வேளைச் சோற்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் அரிசி என்று கொண்டால், நாளுக்கு ஒருவேளைச் சோறு உண்ணும் நால்வருக்கு இரண்டு வாரத்துக்கு 5.6 கிலோ போதும். ஆகவே 10 கிலோ அரிசிப் பை ஒன்று கைவசம் இருந்தால் விருந்தினருக்கும் மிச்சமுண்டு. பருப்பு, பயறு, கடலை ஆகியவற்றில் 3 கிலோ, உப்பு, சீனி, எண்ணெய், மிளகாய்த்தூள், தேயிலை, பால்மா, சமைக்காமலே உண்ணக்கூடிய ரின் உணவு, ரின் திறக்கும் கருவி ஆகியவை அடுத்தவை. குழந்தை உள்ள வீடு அதன் உணவை மறக்கலாகாது.

இதற்காக ஒரே நாளில் கடையைக் காலிசெய்ய வேண்டாம். அது அடுத்த வீட்டாரின் பங்கைப் பறிப்பதாகும். வாரந்தோறும் வழமையான சாமானோடு ஒரு பொருளை மட்டும் மேலதிகமாக வாங்குங்கள். மூன்று மாதத்தில் கையிருப்பு நிறைந்துவிடும். உண்ணாத பொருளைச் சேமிக்கவேண்டாம். புதியதைப் பின்னுக்கு வைத்துப் பழையதை முன்னுக்கு எடுங்கள். ஊரில் அரிசிக்குள்ளும் உழுந்துக்குள்ளும் காய்ந்த வேப்பிலை போட்டு வைத்தோம், வெயிலில் காயவைத்தோம். வெயிலில்லாத இந்நாட்டில், மாவைச் சில நாட்கள் உறைபெட்டியில் வைத்து எடுத்துப் பின்னர் ஈரம் படாத மூடிய பாத்திரத்தில் இட்டால் வண்டு பிடிக்காது.

வெளிச்சமும் சூடும்: ரோச் லைற், பற்றரி, பற்றரியில் அல்லது கையால் சுற்றி இயங்கும் வானொலி ஆகியவை ஒரே இடத்தில் இருக்கட்டும், இருட்டில் தேடும் பொருள் இல்லாத பொருளே. மின்தடையை அறிவிக்க 105 என்னும் இலக்கத்தைத் தொலைபேசிக்கருகே எழுதி ஒட்டுங்கள். குளிர்காலத்தில் எல்லோரும் ஓர் அறையில் கூடியிருந்தால் சூடு மிஞ்சும். ஜாம் போத்தல் விளக்கை இங்கே செய்து பார்க்க வேண்டாம். தரைவிரிப்பும் திரைச்சீலையும் உள்ள மூடிய வீட்டில் அது தீவிபத்தாகும். கரியடுப்பையும் பாபிகியூ அடுப்பையும் எக்காரணங்கொண்டும் வீட்டினுள் மூட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத, மணமில்லாத நச்சுவாயு உறக்கத்திலேயே உயிரைக் கொண்டுபோய்விடும்.

மருந்து: நீரிழிவு, இரத்த அழுத்தம் முதலியவற்றுக்கு மருந்தெடுப்போர் கடைசிக் குளிசை வரை காத்திராமல் உரிய காலத்தில் மறுபடி எழுதுவிக்க வேண்டும். மருந்தின் பெயரையும் அளவையும் கடதாசியில் எழுதிவைக்க வேண்டும். முதியவர், நோயாளர், கைக்குழந்தை உள்ள குடும்பங்கள் மின்சார, தண்ணீர் நிறுவனங்களின் முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். நம்மவரில் பலர் இதனை அறியாதிருக்கின்றனர்.

பணம்: முதலில் ஒரு மாதச் செலவை ஒதுக்குங்கள், பின்னர் அதை மூன்று மாதமாக்குங்கள். அட்டைகள் இயங்காத நாளுக்குச் சிறிதளவு சில்லறைத் தாள் வீட்டிலிருக்கட்டும். கடனட்டைக் கடன் உள்ளவர் அதைத் தீர்ப்பதே முதற்சேமிப்பு. சீட்டைப் பற்றியும் சொல்லவேண்டியிருக்கிறது. அனுமதி பெற்ற வங்கி முறிந்தால் வைப்புக்கு ஓர் எல்லைவரை சட்டப் பாதுகாப்பு உண்டு. தெரிந்தவர் நடத்தும் சீட்டு முறிந்தால் அவ்வகைப் பாதுகாப்பு இல்லை. காசோடு உறவும் போய்விடும். நெருக்கடிக் காலத்தில்தான் சீட்டுகள் முறிகின்றன என்பதை மறவாதீர்கள்.

பத்திரங்கள்: கடவுச்சீட்டு, பிறப்புச் சான்றிதழ், வீட்டு உறுதி ஆகியவற்றை ஒரு பையில் வைத்து, அப்பை இருக்கும் இடத்தை வீட்டில் இருவருக்காவது தெரியப்படுத்துங்கள். இடம்பெயர்ந்தவர்களுக்கு இதன் அருமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஒரு பரப்புத் தோட்டம்

நகரசபைகள் வாடகைக்குக் கொடுக்கும் அலொட்மென்ட் தோட்டத்தின் பழைய முழு அளவு ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு. யாழ்ப்பாணக் கணக்கிலே பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். எனவே இங்கே கிடைப்பது மிகச்சரியாக நமது ஒரு பரப்புக் காணி! காத்திருப்போர் பட்டியல் நீளமானது. இன்றே பெயரைப் பதியுங்கள். அரைத்துண்டு கிடைத்தாலும் போதும்.

ஒக்டோபரில் உள்ளி, மார்ச்சில் வெங்காயமும் உருளைக்கிழங்கும், மே நடுப்பகுதியில் பனி நீங்கிய பின் பூசணியும் போஞ்சியும் நடலாம். தோட்டம் இல்லாதோர் சாளரத்து ஓரத்தில் வெந்தயக்கீரை, கொத்தமல்லி, புதினா, மிளகாய் வளர்க்கலாம். கறிவேப்பிலைச் செடியைக் குளிர்காலத்தில் உள்ளே எடுக்கவேண்டும். ஒரு பரப்பில் கறி விளையும், சோறு விளையாது. ஆயினும் ஒரு கிழங்கை விளைவித்த பிள்ளை உணவை வீசமாட்டாது. அதுவும் ஒரு விளைச்சலே.

மறைந்துகொண்டிருக்கும் கையிருப்பு

மேலே சொன்ன யாவற்றையும் கடையில் வாங்கலாம். வாங்க முடியாத கையிருப்பு ஒன்று நம் வீடுகளில் இருக்கிறது. அது ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டு போகிறது. பொருளாதாரத் தடையில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தெடுத்த அம்மம்மா இன்று இலண்டனில், தொலைக்காட்சிக்கு முன்னே, யாரும் எதுவும் கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார். ஒடியல் மாவின் கசப்பை எப்படி எடுப்பது, மோர்மிளகாய் எப்படிப் போடுவது, ஒரு சுண்டு அரிசியில் எட்டுப் பேருக்கு எப்படிக் கஞ்சி காய்ச்சுவது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பேரப்பிள்ளைக்குப் பருப்பு அவிக்கவும் தெரியாது. இடையில் நிற்கும் நாம் இரு பக்கமும் தெரிந்தவர்கள். நாம் வாய்திறக்காவிட்டால் அந்தப் பத்தாயம் அவரோடு மூடப்பட்டுவிடும்.

ஆதலால் இம்மாதம் ஒரு சனிக்கிழமையைக் குறியுங்கள். அன்று மாலை மின்விளக்கை அணைத்து, கடையில் எதுவும் வாங்காமல், வீட்டிலுள்ளதைக் கொண்டு அம்மம்மாவின் சொற்படி பிள்ளைகள் சமைக்கட்டும். சொல்வதை ஒரு கொப்பியில் எழுதட்டும், தமிழிலோ ஆங்கிலத்திலோ.

பகிர்வதற்கே கையிருப்பு

முடிவாக ஒன்று. தடைக்காலத்தில் வீடுகளைக் காத்தது பெட்டியிலிருந்த அரிசி மட்டுமன்று. வேலிக்கு மேலால் கைமாறிய அரிசியும்தான். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் இடம்பெயர்ந்தபோது, தென்மராட்சியில் முன்பின் அறியாதவர்களுக்கு வீடுகளும் பாடசாலைகளும் கோயில்களும் இடங்கொடுத்தன. அன்னதானக் கந்தன் என்று நாம் போற்றும் செல்வச்சந்நிதி முருகன் சந்நிதியில் உணவிடுவது வழிபாட்டின் ஓர் அங்கம்.

இலண்டனில் நமது பக்கத்து வீட்டில் இருப்பவர் பெயர் நமக்குத் தெரியுமா? தனியே வாழும் முதிய அடியார் ஒருவரின் தொலைபேசி இலக்கம் கையில் உண்டா? ஒருவருக்கு மேலதிகமாகச் சேர்ப்பது பதுக்கல் ஆகாமல் இருக்க வேண்டுமானால், அந்த மேலதிகம் யாருக்கு என்பதை முன்னதாகவே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். இளையான்குடி மாறநாயனார் விதைத்த நெல்லையே வாரிவந்து விருந்தோம்பினார். அவ்வளவு தூரம் நாம் போகாவிட்டாலும், இரண்டாவது அரிசிப் பையில் ஒரு பிடி அயலாருக்கு என்று எண்ணி வைப்போம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. சம்பந்தர் மடத்தில் உணவு தாமதமானது ஏன்? விலைவாசி ஏறும்போது நமது காசுக்கு நேர்வதோடு அதனை ஒப்பிடுக.

2. இன்றிரவு மின்சாரமும் தண்ணீரும் நின்றால், நமது வீட்டில் எத்தனை நாளைக்குப் போதுமான பொருள் உண்டு? எண்ணிப் பார்க்க.

3. பொருளாதாரத் தடைக்காலத்தில் வாழ்ந்த ஒருவரிடம், அவர் வீட்டில் விளக்கு, சவர்க்காரம், உணவு ஆகியவற்றுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டு எழுதுக.

4. சேமிப்புக்கும் பதுக்கலுக்கும் உள்ள வேறுபாடு யாது?

5. நெருக்கடி வந்தால் நமது குடும்பம் முதலில் யாரைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்? அவர் பெயரை இங்கே எழுதுக.